ஹலோ அக்காவுக்குப் பதிலாக ஓர் ஆள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதன் மூன்றாவது மாடியில் இருபத்தோரு வருடமாகக் குடியிருப்பவரோ லிஃப்ட் மெக்கானிக். "ஊரையெல்லாம் ஏத்தி இறக்கறோம், நமக்கு மட்டும் முட்டி தேயணும்னு எழுதியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறிப்போவார். தரைத்தளத்தில் என் ஜெராக்ஸ் கடை. மனிதரைக் காலையிலும் சாயங்காலமும் பார்க்காத நாள் இருந்ததில்லை.

நான் சொல்ல வந்தது அவருடைய மனைவியைப் பற்றி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஹலோ அக்கா. லிஃப்ட்காரர் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, தம்பியையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கிய அன்றே போன் அக்கா கைக்குப் போய்விட்டது. ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. சமையல் மேடையின் ஓரத்தில் போன், பக்கத்தில் ஆணியில் தொங்கும் காலண்டர், கயிற்றில் கட்டிய பேனா. மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் "ஹலோ, லிஃப்ட்!" என்று குரல் கேட்கும். ஜன்னல் வழியாக என் கடை வரைக்கும் கேட்கும். கையில் கரண்டியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிப் பேசி, அக்காவின் தலையே ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. புகைப்படத்தில்கூட நேராக நிற்க வராது.

வருடாந்திர ஒப்பந்தத்தில் அவர்கள் கையில் முப்பத்து நான்கு கட்டடங்கள் இருந்தன. ஒவ்வொரு லிஃப்டின் வயது, வியாதி, காவலாளியின் சுபாவம், சங்கச் செயலாளரின் கோபம் எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். மருந்துக்கடைக் கட்டடத்துச் செயலாளர் "அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றால் லிஃப்ட் காலையிலிருந்து நிற்கிறது என்று அர்த்தம். வங்கிக் கட்டடத்துக் காவலாளி "தீப்பொறி பறக்குதும்மா" என்றால் பல்பு ஃபியூஸ் போயிருக்கும். யாரை முதலில் பார்ப்பது, யாரை ஒரு மணி நேரம் சமாதானப்படுத்தி வைப்பது என்பதையெல்லாம் அக்காதான் முடிவு செய்வார். அண்ணனும் தம்பியும் அவர் சொன்ன இடத்துக்குப் போவார்கள்.

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால்தான் அக்காவின் திறமை தெரியும். ஒரு நாள் மின்கட்டண ரசீதை ஜெராக்ஸ் எடுத்துக்கொடுக்க மேலே போயிருந்தேன். யாரோ ஒரு கணக்காளர், நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிற்கிறார், மூச்சு முட்டுகிறது என்று கத்துகிறார். அக்கா பதறவில்லை.

"சார், கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"காய்கறிப் பைம்மா. எனக்கு நெஞ்சை அடைக்குதும்மா!"

"அடைக்கும் சார், பைய கீழ வைங்க. என்ன காய் வாங்கினீங்க?"

"தக்காளி... ரெண்டு கிலோ."

"என்ன விலைக்கு?"

அவர் விலையைச் சொன்னார்.

"ஐயோ சார், நல்லா தலையில மொளகா அரைச்சிட்டான் உங்களுக்கு. இங்க அதுல பாதி விலை."

கணக்காளர் மாட்டிக்கொண்டதை மறந்துவிட்டார். காய்க்காரன் எடை போட்ட லட்சணம், போன வாரம் வெங்காயத்தில் ஏமாற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்கா "அப்படியா", "அடப்பாவி" என்று தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் கொழுந்தன் போய்க் கதவைத் திறந்தபோது அந்த ஆள் வெளியே வராமல் "இருப்பா, பேசிட்டு வரேன்" என்றாராம். இதைக் கொழுந்தன் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அக்காவின் குரல் கம்மத் தொடங்கியது இதற்கு இரண்டு வருடம் கழித்து. "தொண்டை கட்டிடுச்சாக்கா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். வெந்நீர் குடித்தார். மாத்திரை சப்பினார். நான்கு மாதம் ஓடியது. டாக்டரிடம் போகச் சொன்னால், "போனா காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் உக்கார வைப்பான். போனை யாரு எடுப்பா?" என்பார். கடைசியில் ஒரு நாள் பல்லைத் துலக்கும்போது ரத்தம் வந்ததைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். மூன்றாவது வாரமே குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். புகையிலை பக்கமே போகாத மனுஷி. முன்னாலேயே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை லிஃப்ட்காரர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். அதன் மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. பேச்சு வரவைக்கலாம் என்று ஒரு வால்வு வைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு கொடுத்த இடம் ஆறாமல் கசிந்தது, எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. அதைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் ஒரு ரீங்காரம் வார்த்தையாக வெளியே வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "தம்பி, உட்காரு" என்று அதில் அக்கா முதல் தடவை சொன்னபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அக்கா அதைக் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் நோட்டில் எழுதித்தான் காட்டுவார்.

போனை அண்ணனும் தம்பியும் மாறி மாறித் தங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். லிஃப்ட் ஓடும் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு மனிதன் போன் எடுக்க முடியுமா? பத்து அழைப்பில் ஆறு தவறியது. ஒரு நாள் போனை எடுக்கப் போய்க் கொழுந்தனின் கை உருளையில் மாட்டி இரண்டு நகம் பிய்ந்தது. இரண்டு கட்டடங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்போதுதான் லிஃப்ட்காரர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"போன் எடுக்க ஒரு ஆளு போடணும் தம்பி. வீட்டுல வந்து உக்கார ஆளு வெக்க இடம் இல்ல. என்ன பண்ணலாம்?"

நான்தான் சொன்னேன். அதை நான் மறுக்க முடியாது. "இப்பல்லாம் விர்ச்சுவல் அசிஸ்டென்ட்னு இருக்காங்கண்ணா. வேற ஊர்ல அவங்க வீட்டுலேர்ந்தே உங்க போனை எடுப்பாங்க. மாசச் சம்பளம் மாதிரி கம்பெனிக்குக் கட்டிடணும்."

"விர்ச்சுவல்னா? ஆளு இருக்கா இல்லையா?"

"இருக்காங்க. இங்க இல்ல, அவ்வளவுதான்."

"நம்ம செயலாளருங்க மாதிரி" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். லிஃப்ட்காரர், கொழுந்தன், அக்கா மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் விலை தெரிந்துகொள்ள ஒரு படிவம் இருந்தது. என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்று நிரப்பினால் கட்டணம் வரும்.

"என்ன வேலைன்னு கேக்குது" என்றேன்.

"போன் எடுக்கறது" என்றார் கொழுந்தன்.

அக்கா நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். போன் எடுப்பது. புகாரைப் பிரிப்பது. ஆள் அனுப்புவது. வழி சொல்வது. உதிரிபாகக் கடையில் பேரம் பேசுவது. ஒப்பந்தம் முடியும் தேதியை நினைவுபடுத்துவது. பாக்கியைக் கேட்பது, ஆனால் கோபம் வராத மாதிரி கேட்பது. மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. பக்கம் நிரம்பித் திருப்பினார். தளத்தில் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனிக் கட்டம் இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே வந்தேன்.

"எத்தனை மணி நேரம்?"

லிஃப்ட்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா விரல்களைக் காட்டினார். காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை. ஞாயிறும் உண்டு. பண்டிகை நாளும் உண்டு, அன்றைக்குத்தான் விருந்தாளிகள் ஏறி லிஃப்ட் அதிகம் நிற்கும். அப்படியே போட்டேன். திரை ஒரு சுற்றுச் சுற்றித் தொகையைக் காட்டியது.

லிஃப்ட்காரருக்கு எல்லாக் கணக்கும் கட்டடத்தில்தான். ஒரு கட்டடம் மாதம் கொடுப்பதை ஒன்று என்று வைத்துக்கொள்வார். வாடகை ஐந்து கட்டடம், மகள் வேறு ஊரில் படித்தபோது கட்டிய பணம் ஆறு கட்டடம், இப்படி. அவர் திரையையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"பதினேழு பில்டிங்" என்றார்.

"பதினேழா? நம்மகிட்ட இருக்கறதே முப்பத்தி ரெண்டு" என்றார் கொழுந்தன். அப்புறம் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "அண்ணி சும்மாதான செஞ்சிட்டு இருந்தாங்க!"

கொழுந்தனின் முகம் விழுந்துவிட்டது. "அண்ணி, நான் அந்த அர்த்தத்துல..." என்று இழுத்தார். அக்கா பரவாயில்லை என்று கையசைத்துவிட்டு, எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நின்றார்.

லிஃப்ட்காரர் மெல்லிய குரலில் என்னிடம், "அவ போன் எடுத்த பதினெட்டு வருஷத்துக்குப் பாரேன், எவ்வளவு வருதுன்னு" என்றார். நான் கணக்குப் பொத்தானைத் தொடப்போனேன். அக்கா சடாரென்று திரும்பி வந்து மடிக்கணினியை மூடிவிட்டார். நோட்டில், 'வேண்டாம். நம்மால முடியறதப் பாரு' என்று எழுதினார்.

முடிவது எது என்று பார்க்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துவிட எடுத்துவிட விலை இறங்கியது. ஞாயிறு போனது. காலை ஆறு ஒன்பதாயிற்று, ராத்திரி பத்து ஆறாயிற்று. பேரம் பேசுவது போனது. பாக்கி கேட்பது போனது. ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம் என்று வரம்பு வைத்தால் இன்னும் இறங்கும் என்றது தளம். வைத்தோம். கடைசியில் நான்கு கட்டடத்தில் வந்து நின்றது. எண்ணை அங்கே திருப்பிவிட அரை கட்டடம். பழக்கிவிடும் இரண்டு வாரத்துக்குத் தனிக் கட்டணம். மூன்று நிமிடம் தாண்டினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நான் படித்தேன், வாய்விட்டும் சொன்னேன், ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உதவியாளராக வந்தவர் நல்ல பெண். தெளிவான குரல், சிரித்த முகம், பின்னால் ஒரு குழந்தையின் தொட்டில். அக்கா பத்து நாள் உட்கார்ந்து ஒரு முழு நோட்டில் முப்பத்திரண்டு கட்டடங்களைப் பற்றியும் எழுதினார். அதை நான் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பினேன். காணொளி அழைப்பில் அந்தப் பெண் பேசுவார், அக்கா மகளின் பழைய கணினியில் தட்டச்சு செய்வார்.

"அக்கா, எவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கீங்க! ஆனா எங்க சிஸ்டத்துல நாலு கட்டம்தான்க்கா. பேரு, விலாசம், பிரச்சனை, போன் நம்பர். இதெல்லாம் போட இடமில்ல."

'மனசுல வெச்சுக்கோம்மா' என்று அக்கா தட்டினார்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். "எனக்கு உங்களோட சேத்து பதினோரு கம்பெனிக்கா. இப்ப லிஃப்ட், பத்து நிமிஷத்துல பல் டாக்டர், அப்புறம் டிராவல்ஸ். மாத்தி மாத்தி வரும். முடிஞ்சவரைக்கும் பாக்கறேன்."

முதல் மாதம் தொழில் கொஞ்சம் நிமிர்ந்தது. தவறும் அழைப்புகள் நின்றன. அழைப்புகளின் பதிவு தினமும் சாயங்காலம் கணினிக்கு வந்துவிடும். அக்கா காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்பார். கேட்கும்போது உதடு அசையும். அந்தப் பெண் "புகார் பதிவாயிடுச்சு சார், நன்றி" என்று முடித்த பிறகும் அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மாதம் மருந்துக்கடைச் செயலாளர் "அவசரமில்ல" என்றார். அந்தப் பெண் அவசரமில்லை என்றே குறித்தார். மூன்று நாள் கழித்து லிஃப்ட்காரர் போனபோது வேறு மெக்கானிக் மோட்டார் அறையில் இருந்தார். "நன்றி சார், நன்றி சார்னு நாலு தடவ சொல்லுது அந்தப் பொண்ணு, ஒருத்தன் வந்தானா?" என்று செயலாளர் கத்தினாராம். பிறகு இன்னும் இரண்டு போயின. மாதக் கடைசியில் வந்த பில்லில் நான்கரை கட்டடம் ஆறு கட்டடமாக இருந்தது. பேச்சு நீண்ட அழைப்புகளெல்லாம் மூன்று நிமிடம் தாண்டியவை. லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருக்கும் இருபத்தொன்பதில் ஆறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவுகள் திறக்கவில்லை என்று அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். பிற்பகல் மூன்றரை இருக்கும். அண்ணனும் தம்பியும் ஊரின் மறுகோடியில் ஒரு கயிறு மாற்றப் போயிருந்தார்கள். ஞாயிறு நாங்கள் வாங்காத நாள் என்பதால் எண் வீட்டுக்கே திரும்பியிருந்தது. போன் அடித்தது. அக்கா எடுத்துக் காதில் வைத்தார். கருவியைத் தாடையில் அழுத்தினார்.

"ஹ-லோ. லிஃப்ட்."

மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டே கத்தியது எனக்கும் கேட்டது. ஆறாவது மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். துணி மூட்டையோடு ஏறியிருக்கிறார், மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் இடையில் நின்றுவிட்டது, விளக்கும் போய்விட்டது.

"ப-யப்-படா-தீங்க" என்றது கருவி.

"யாரு பேசறது? ஹலோ அக்கா இல்லையா? அவங்ககிட்ட குடுங்க!"

"நான்-தான். ஹலோ அக்கா."

அந்தப் பெண் இன்னும் உரக்கக் கத்தினார்: "ஐயோ, இது ஏதோ மெஷின் பேசுது! மனுஷங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்களேன்!"

அக்கா கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "மேடம், வந்துட்டே இருக்காங்க" என்றேன். அதையே நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை எனக்கே நம்பிக்கை இல்லை. அக்கா தன் கைபேசியில் புருஷனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, நோட்டில் வேகமாக எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'யாரோட துணின்னு கேளு.'

"யாரோட துணி மேடம் அது?" என்றேன்.

"என்னது?"

'என்னைக்குக் குடுக்கணும்னு கேளு. அளவு எடுத்தப்ப அவங்க சண்டை போட்டாங்களான்னு கேளு.'

அதையும் படித்தேன், பரீட்சையில் கேள்வித்தாள் படிக்கிற மாதிரி. "நான் இங்க செத்துட்டு இருக்கேன், நீ துணி அளவு கேக்கறியா?" என்று அவர் போனை வைத்துவிட்டார். நாங்கள் திரும்பத் திரும்ப அழைத்தோம். எடுக்கவில்லை. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, மணி அடித்து ஓய்வதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்தப் பெண் கதவை விரலால் பிளந்து, கீழே தெரிந்த மூன்றாவது மாடித் தரையில் குதிக்கப் பார்த்திருக்கிறார். கால் விளிம்பில் தட்டி விழுந்ததில் முழங்கால் நொறுங்கிவிட்டது. குழிக்குள் விழாமல் தப்பியதே அதிசயம் என்றார் லிஃப்ட்காரர். அவர் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"போன் பண்ணா மெஷின் பேசுது, அப்புறம் ஒரு ஆளு துணி அளவு கேக்கறான்" என்ற கதை ஒன்றுக்குப் பத்தாகி ஊர் முழுக்கப் போனது. யாரிடம் போய் விளக்குவது? ஆறு வாரத்தில் இருபத்தொன்பது பதினொன்றாயிற்று. போன கட்டடங்களில் பாதிக்கு மேல் லிஃப்ட்காரர் முட்டிக்கொண்டு வெளியே வந்த அதே பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது.

அக்கா மருத்துவமனைக்குப் போய்த் தையல்கார அம்மாவைப் பார்த்தார். நானும் கூடப் போனேன். அந்த அம்மா அக்காவின் கழுத்துத் துணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "எனக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியாதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. அந்த அம்மாவின் போர்வையைச் சரி செய்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் அக்கா நோட்டை எடுக்கவே இல்லை.

உதவியாளரை நிறுத்த வேண்டியதாயிற்று. பதினொரு கட்டடத்தில் நான்கரை கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? கடைசிக் காணொளியில் அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கியிருந்தது.

"நான் ஏதும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை இருந்திருந்தாலும் மூணு நிமிஷத்துல வெச்சிருப்பேன்க்கா. முன்னாடி நீட்டிப் பேசினதுக்கே என் சம்பளத்துல பிடிச்சிட்டாங்க."

'எங்க கணக்குல உனக்கு எவ்வளவு தராங்க?' என்று அக்கா தட்டினார்.

அந்தப் பெண் தொகையைச் சொன்னார். பக்கத்திலிருந்த லிஃப்ட்காரர் கட்டடமாக மாற்றிப் பார்த்தார். நாங்கள் நான்கரை கட்டியதில் அந்தப் பெண்ணின் கைக்குப் போனது அரை கட்டடத்துக்கும் கொஞ்சம் குறைவு. மீதி எங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

மிச்சமிருந்த கட்டடங்களைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தார்கள். கொழுந்தன் ஒரு நாள், "அண்ணே, நான் வெளியூருக்குப் போறேன், கப்பல் கட்டற இடத்துல வேலை இருக்கு" என்றார். அண்ணிக்கு நேராக நிற்க முடியாமல் காலைத் தொட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். தனி ஆளாக லிஃப்ட் வேலை செய்ய முடியாது. மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் லிஃப்ட்காரர் பழைய கம்பெனிக்கே போய், தன்னைவிட இருபது வயது சின்னவரின் கீழே ஷிஃப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்தார். தனியாக ஒப்பந்தம் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. போன் எண்ணையும் எழுதிக்கொடுத்துவிட்டார்.

வீடு அமைதியாகிவிட்டது. எவ்வளவு அமைதி என்றால், என் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மூன்றாவது மாடியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும். நான் அக்காவை என் கடைக்கு வரச் சொன்னேன், ஸ்பைரல் பைண்டிங் போட. நான்கு நாள் வந்தார். வருகிறவர்கள் விலை கேட்பார்கள், அக்கா எழுதுவதற்குள் பொறுமையில்லாமல் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒரு கல்லூரிப் பெண் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் காசை மேசையில் தூர வைத்துத் தள்ளினாள். ஐந்தாவது நாள் அக்கா வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் பழைய உதவியாளர் ஒரு செய்தி அனுப்பினார். எங்கள் கம்பெனியில் பேச்சு இல்லாத வேலை இருக்கிறது, தட்டச்சிலேயே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லலாம், அக்கா எழுதிப் போடட்டும் என்று. பரீட்சை வைத்தார்கள், அக்கா தேறினார். எங்கோ இருக்கும் ஒரு மெத்தைக் கடை. திரையில் அக்காவுக்கு வேறு ஒரு பெயர் கொடுத்தார்கள். அனுப்ப வேண்டிய வாக்கியங்களையும் கொடுத்துவிட்டார்கள், மொத்தம் பதினாறு. விலை கேட்டால் ஒன்று, அளவு கேட்டால் ஒன்று, திருப்பிக் கொடுக்கக் கேட்டால் ஒன்று.

முதல் மாதம் அக்காவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. யாரோ ஒருவர் மெத்தை விலை கேட்க வந்து தன் முதுகுவலியைப் பற்றி எழுதுவார். அக்கா பதினாறையும் விட்டுவிட்டுத் தன் வார்த்தையில் பதில் எழுதுவார். இன்னொருத்தி, அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், புண் வராமல் இருக்க எந்த மெத்தை என்று கேட்பாள். அரை மணி நேரம் இருவரும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மாத முடிவில் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை அச்செடுக்க அக்கா என் கடைக்கு வந்தார். ஓர் உரையாடலுக்கு ஆகும் சராசரி நேரம் அனுமதித்ததைவிட ஒன்பது மடங்கு. கொடுத்த வாக்கியங்களை மீறியது நாற்பத்தேழு தடவை. அதனால் நாளைக்கு ஆறு மணி நேரம் என்பது இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது. படித்துவிட்டு எனக்குத்தான் கோபம் வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு என்னக்கா குடுப்பான்? விட்டுத் தள்ளுங்க."

அக்கா தாளின் பின்புறத்தில் எழுதினார். 'வீட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ண? அவருக்கு முட்டி வேற போயிடுச்சு.'

லிஃப்ட்காரர் ஷிஃப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அக்கா எழுதிக் காட்டியதைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும், அதற்குள் தூக்கம் வந்துவிடும். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

போன வாரம் ஒரு வேலையாக மேலே போனேன். அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் யாரோ, கணவர் இறந்து மூன்று மாதமாகிறது, பெரிய கட்டில் மெத்தையைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக வாங்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா அதைப் படித்தார். பட்டியலில் ஏழாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்: 'பழைய மெத்தையை மாற்றிக்கொள்ளும் வசதி தற்போது இல்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' அந்தப் பக்கத்திலிருந்து 'இல்லை' என்று வந்தது. உரையாடல் மூடிக்கொண்டது.

நான் நின்றிருந்ததைப் பார்த்து அக்கா அந்த மாதத்து அறிக்கையைத் திறந்து காட்டினார். சராசரி நாற்பது விநாடி. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. மணி நேரத்தைக் கூட்டுவார்களா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டிவிட்டு, கணினியை அணைத்து, மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க எழுந்து போனார்.